கடைசி போல்ட்

"கிட்ட வராதே. முக்கியமான கட்டத்துல இருக்கேன்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

பானெட்டைத் திறந்துவைத்து, வலது கையை முழங்கை தாண்டி உள்ளே விட்டபடி, வெகுநேரமாக அவர் அந்த முக்கியமான கட்டத்திலேயே இருந்தார். வலது தோள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வழுக்கையில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பணிக்காலம் முழுக்க அதிகாரியாகவே இருந்து ஓய்வு பெற்றவர். 'மாட்டிக்கிட்டேன்' என்ற சொல் அவர் வாயில் அவ்வளவு லேசில் வராது.

மனைவி எட்டிப் பார்த்தாள். என்ஜினுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே ஒரு குறுகலான சந்து. கழற்றிய கடைசி போல்ட் அதற்குள் விழ, இவர் கையும் அதன் பின்னாலேயே போயிருந்தது.

"மாட்டிக்கிச்சா?"

"மாட்டலை. வெளிய வர யோசிக்குது."

தெருவில் போன பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், தனியாவே பம்ப் மாத்தறீங்களா?" என்று குரல் கொடுத்தார்.

"சின்ன வேலைதான் சார்!" என்று சிரித்தார் இவர். அந்தச் சிரிப்பில் பாதி பல்கடி.

வாட்டர் பம்ப் ஒழுகியது உண்மை. பட்டறையில் விட்டிருந்தால் வண்டி ஒழுங்காக வீடு வந்திருக்கும். ஆனால் மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையன் நடத்துவது கார் பட்டறை. "ஸ்பேனர் பிடிக்கிறதெல்லாம் ஒரு தொழிலா? நானே பண்ணுவேன்" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் முழங்கியிருந்தார். கூடவே, "உடம்புல தெம்பு இருக்கிறவரை நானா சரின்னு சொல்ல மாட்டேன்" என்று ஒரு சபதம் வேறு.

அன்றிலிருந்து மகள் அப்பாவோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். பையன் வீட்டிலோ இன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இல்லையென்றால் வேறு இடம்.

"அந்தப் பையனைக் கூப்பிடட்டுமா? ஒரு நிமிஷத்துல எடுத்துவிட்டுடுவான்."

"கையை வெட்டி எடுத்தாலும் எடுப்பேனே தவிர..."

"எதால வெட்டுவீங்க? ஒரு கை உள்ள இருக்கு, இன்னொண்ணு டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

"போய் சோப்புத் தண்ணி கொண்டா" என்று உறுமினார்.

கொண்டுவந்து ஊற்றினாள். அவர் முறுக்கினார், இழுத்தார், "அம்மா!" என்றார். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோள் மெல்லக் காதை விட்டு இறங்கியது.

"வந்துச்சா?"

"வந்திருந்தா எதுக்குடி இப்படிக் குனிஞ்சு நிக்கப் போறேன்?"

அவளுக்குச் சட்டென்று ஓர் எண்ணம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து, எதையாவது பேச வாயெடுத்தால் மனுஷன் எழுந்து போய்விடுவார். பேப்பர் இருக்கும், குளியல் இருக்கும், எதுவும் இல்லாவிட்டால் நடைப்பயிற்சி இருக்கும். இன்று எங்கே போவார்?

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, பாப்பா விஷயம்."

"அதைப் பேச இதுவா நேரம்? மனுஷன் அகப்பட்டுக்கிட்டு நிக்கறேன்."

"இதுதான் நேரம். மத்த நேரம் நீங்க நிக்கறதே இல்லையே."

"சொல்லித் தொலை" என்றார், பம்ப்பைப் பார்த்தபடியே.

சொன்னாள். பெண் இளைத்துப் போனதை, தூங்காமல் புரள்வதை, அப்பாவுக்குப் பிடித்த சட்டையை மட்டும் யாருக்கும் தெரியாமல் இஸ்திரி போட்டு வைப்பதை. அவர் கால் மாற்றி நின்றார். ஒவ்வொன்றுக்கும் 'ம்' என்றார். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் 'ம்' வரவில்லை.

"பதில் சொல்லுங்க. இல்லைன்னா உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவேன். நீங்களும் உங்க பம்ப்பும் விடிய விடிய இப்படியே நில்லுங்க."

"மிரட்டறியா?"

"ஆமா."

அவர் டார்ச்சை அணைத்தார்.

"சரி. வந்து பேசச் சொல்லு."

"என்னது?"

"சரின்னேன். ஆனா நானா சொல்லலை, அதைத் தெரிஞ்சுக்க. அசைய முடியாம மாட்டிக்கிட்டவனை மிரட்டி வாங்கினேன்னு உன் தம்பிகிட்ட சொல்லு. என் தங்கச்சிகிட்டயும் சொல்லு. ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் இதையே சொல்லணும், ஆமா."

அவள் உள்ளே ஓடினாள். போன் பேசினாள். மகளின் அறைக் கதவு படாரென்று திறந்தது. சந்தோஷத்தின் நடுவே நெஞ்சில் முள்ளாக ஒன்று உறுத்த, எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலுக்கு விரைந்தாள்.

அவர் படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பழைய துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா, வந்துடுச்சா!" கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "மன்னிச்சுடுங்க. வலியில துடிக்கிற மனுஷனை மடக்கிட்டேன். வேற வழி தெரியலை எனக்கு."

உள்ளே மகள் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கை வந்துடுச்சுடி."