சின்னதுரையின் சைக்கிள்

"ஜெனிபர், அந்தம்மாவைப் பின்னாடி போய் உட்காரச் சொல்லுங்க. முன்வரிசை மேனேஜ்மென்ட்டுக்கு."

முன்வரிசையில் உட்கார வந்தவளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் தன் உதவியாளரிடம் சொன்னான் வசந்தகுமார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் அவன்.

அமெரிக்கத் தலைமை அலுவலகத்தில் வருஷா வருஷம் கறுப்பின மக்களின் வரலாற்று மாதம் கொண்டாடுவார்கள். உங்கள் ஊரிலும் அப்படி மிதிபட்டவர்கள் இருப்பார்களே, அவர்கள் கதையைச் சொல்லுங்கள் என்று மெயில் வந்துவிட்டது. மெயில் வந்த பிறகு சமூக நீதி பொங்காமல் இருக்குமா?

பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, 'ஒடுக்கப்பட்டோர் வரலாற்று மன்றம்' என்று பேனர் கட்டி, சிப்காட்டைச் சுற்றியுள்ள காலனிக்காரர்களைக் கம்பெனி பஸ்ஸில் அள்ளிக்கொண்டு வந்தாயிற்று. ஏப்ரலில் கம்பெனி நடத்தப்போகும் விழாவில் யார் யார் கதையைச் சொல்வது என்று மக்களே பேசி முடிவு செய்ய வேண்டுமாம். கூடவே சமோசா.

"நான் இந்தக் கஷ்டத்தை எல்லாம் அனுபவிச்சவன் இல்லை," என்று மைக்கில் குழைந்தான் வசந்தகுமார். "புத்தகத்துல படிச்சதோட சரி. ஆனா காது கொடுத்துக் கேட்க வந்திருக்கேன்."

காது கொடுக்க வந்தவனின் கண் போட்டோகிராபர் மேலேயே இருந்தது. தலைமை நாற்காலியில் அவனுடைய மாமனார் துளசிராமன். சுற்றுவட்டாரத்தில் பாதி நெல் வயல் அவர் குடும்பத்துடையது. ஒடுக்கப்பட்டவர்களின் வரலாற்றுக்குத் தலைமை தாங்க வேறென்ன தகுதி வேண்டும்?

பின்வரிசைக்குத் துரத்தப்பட்ட பெண் எழுந்து நின்றாள். பெயர் சாராள். அத்திப்பட்டுப் பக்கமிருந்து, யாரும் அழைக்காமலே ரயிலேறி வந்தவள்.

"சார், எங்க காலனில சின்னதுரைன்னு ஒருத்தரு இருந்தாரு. அப்பல்லாம் ஊர்த்தெருவுல நம்மாளுங்க சைக்கிள தள்ளிக்கினுதான் போவணும். பவர் பிளான்ட் கட்டுற வேலைக்கு லேட்டாவுதுன்னு அவரு ஒரு நாளு ஏறி மிதிச்சிக்கினு போனாரு. கால ஒடச்சிட்டாங்க. ஆறுனதும் அதே தெருவுல பெல் அடிச்சிக்கினு மறுபடியும் போனாரு. அப்புறந்தான் மத்தவங்களுக்கும் தைரியம் வந்துச்சு. இந்தப் பொங்கலுக்கு முன்னாடி தவறிப் பூட்டாரு சார். அவரு பேர விழாவுல சொல்லணும்."

மண்டபம் கை தட்டியது. அதுவரை போட்டோவுக்காகத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது தாங்களாகத் தட்டினார்கள்.

வசந்தகுமாரின் உதடு கோணியது. "உட்காருங்கம்மா. ஒருத்தருக்கு இடது கால் உடைஞ்சதெல்லாம் வரலாறு ஆயிடுமா? எங்களுக்குப் பெரிய ஆளுங்க வேணும். கலெக்டர் ஆனவங்க, வெளிநாடு போனவங்க, அந்த மாதிரி."

"சார், எங்கப்பாவும் தள்ளிக்கினுதான் போனாரு," என்று எழுந்தான் ஸ்டீவன். கம்பெனியில் வெல்டர். "அந்தம்மா சொல்றது எங்க எல்லாருக்கும் நடந்ததுதான் சார்."

"ஸ்டீவன், நீங்க கான்ட்ராக்ட்தானே? ரினியூவல் இந்த மாசம் வருதில்ல?" என்று அன்பாக விசாரித்தான் வசந்தகுமார். ஸ்டீவன் உட்கார்ந்துவிட்டான். காது கொடுத்துக் கேட்பதில் இது ஒரு வகை.

துளசிராமனுக்கே பொறுக்கவில்லை. "சைக்கிள் கத நல்லாத்தான கீது மாப்ள. சொல்லிட்டுப் போட்டுமே."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? "ஆதாரம் இல்லாம எப்படி மாமா? நாளைக்கு அமெரிக்காவுல கேட்டா யார் பதில் சொல்றது?" என்றான். அமெரிக்காவில் சைக்கிள் வாங்கின ரசீதைக் கேட்பார்கள் போலிருக்கிறது.

"ஆதாரத்துக்கு நான் கீறேன் சார். நான் அவரு மக."

"மகள்னா அப்பாவைப் பெரிசாத்தான் சொல்லுவீங்க." வசந்தகுமார் சிரித்தான். முன்வரிசையும் சிரித்தது. அதற்குத்தானே அவர்களை முன்னால் உட்கார வைத்திருந்தது. "அடுத்து யாரு? வாங்க, வாங்க."

சாராள் உட்காரவே இல்லை. மைக்கும் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில், மக்கள் தேர்ந்தெடுத்ததாக மூன்று பெயர்களை அவனே வாசித்தான்: ஒரு கலெக்டர், ஒரு டாக்டர், ஒரு காலேஜ் பிரின்சிபால். மூன்று பேருக்கும் இந்த மாவட்டமே இல்லை.

பிறகு காலனிக்காரர்களின் தோளில் கை போட்டு, கையைக் குலுக்கி, அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டிய போட்டோக்கள் எல்லாம் எடுத்தாயிற்று. எடுத்த கையோடு மண்டபத்தின் பின்பக்கக் குழாய்க்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினான் வசந்தகுமார். சமோசா எண்ணெய் என்று சொல்லவும் வழியில்லை. அவன் சமோசாவைத் தொடவே இல்லை, தூ.

நிமிர்ந்தால் எதிரே சாராள். சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். துளசிராமன் காரில் ஏறிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"இன்னும் போகலையா நீ? உனக்கு இன்னாதான் வேணும்?" என்று பல்லைக் கடித்தான்.

மண்டபம் முழுக்கக் கேட்கும்படி பேசியவள், இப்போது யார் காதிலும் விழாதபடி சொன்னாள்.

"அண்ணா, மைக்குல வோணா. இங்கயே ஒரு தபா நம்ம நைனா பேர சொல்லு."