கடைசி மூன்று கிண்ணம்

"மூணு விரலைக் காட்டறார் பாருங்க! நிக்கிறது ஒத்த ஆள், கேக்கிறது மூணு கிண்ணமா?"

சகியேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவைத் தாண்டினால் ராமென் என்கிற சூப் நூடுல்ஸ் விற்கும் கடை. ஆனால் நடப்பவர்களுக்கான விளக்கு சிவப்பில் இருந்தது. தெருவில் ஒரு வண்டிகூடக் கிடையாது. இருந்தாலும் சிவப்பு சிவப்புதானே! ஓடப் பார்த்த மகள் சிஹாருவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கணவர் நோரிஹிரோவோடு நின்றாள்.

எதிரே, வரிசையின் கடைசியில் ஒரு பெரியவர். தலைகளை எண்ணிக்கொண்டு வந்த கடைப் பெண், அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்று விரலைக் காட்டினார். அவளிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவளும் தலையாட்டிவிட்டு, அவர் கையில் ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விளக்கு பச்சையானதும் மூவரும் ஓடினார்கள். அட்டையில் எழுதியிருந்தது: 'இன்றைய சூப் இவரோடு முடிந்தது.'

"உள்ளூர்க்காரங்களுக்குள்ள ஏற்பாடு போல" என்று சகியே முணுமுணுத்தாள்.

பள்ளி மாறியதிலிருந்து சிஹாரு சரியாகச் சாப்பிடுவதில்லை. புது வகுப்பில் யாரோ அவள் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எதைச் செய்து வைத்தாலும் 'பசிக்கல'தான். அப்படிப்பட்டவள் போன வாரம் தானாகவே வாய் திறந்தாள். "காலையிலேயே ராமென் சாப்பிடற ஊர் இருக்காமே, போலாமா?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மலையெல்லாம் தாண்டி இந்தக் கிதகதா ஊருக்குக் கார் ஓட்டி வந்திருந்தார்கள்.

சீக்கிரமே கிளம்பியிருக்கலாம். 'படுக்கையை மடிச்சு வைக்காம போனா விடுதிக்காரங்க என்ன நினைப்பாங்க' என்று நேரத்தைக் கடத்தியவள் சகியேதான். அது உள்ளே உறுத்த உறுத்த, கோபம் முழுவதும் பெரியவர் மேல் திரும்பியது.

"கூட வந்தவங்க எங்கேங்க?" என்று அவரிடமே கேட்டுவிட்டாள்.

"வருவாங்க" என்றார் அவர், கடை வாசலைப் பார்த்தபடி.

"சரி, வா. வேற கடை பாக்கலாம்" என்றார் நோரிஹிரோ.

"இருங்க. அந்த ரெண்டு மகராசங்க யாருன்னு பாத்துட்டுத்தான் வருவேன். கால் கடுக்க நிக்கிறவங்களுக்கு இல்லையாம், வீட்டுல தூங்கறவங்களுக்கு இடம் பிடிக்கிறாங்களாம். எங்க ஊர்ல இப்படி ஒரு வழக்கம் கிடையாதுப்பா!"

கணவரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள். ஆனால் பெரியவர் காதில் விழுகிற அளவுக்கு.

"சும்மா இரேன்" என்று நோரிஹிரோ நெளிந்தார்.

"பரவாயில்லம்மா" என்றாள் சிஹாரு, தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்குப் பசிக்கல."



வரிசை நகர்ந்தது. முன்னால் இருந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். யாரும் வந்த பாடில்லை. பெரியவர் சட்டைப்பையில் கைவிட்டு எதையோ எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பினார்.

"ம்... அப்படியா... சரி, சரி..." எதிரில் ஆள் நிற்பதுபோல் குனிந்து குனிந்து வணங்கி வேறு பேசினார்.

பிறகு இவர்களிடம் வந்தார். "எங்க ஆளுங்க வரலையாம். தனியா சாப்பிட எனக்கும் மனசு இல்ல. நீங்க மூணு பேர்தானே? போங்க, சூடு ஆறிடப் போகுது."

அட்டையைச் சிஹாருவின் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

"பாத்தீங்களா, சொந்த வீட்டு ஆளுங்களே அவரை மதிக்கல" என்றாள் சகியே. இருந்தாலும் குரலில் சந்தோஷம் தட்டியது.

உள்ளே, ஆவி பறக்க மூன்று கிண்ணங்கள் வந்தன. சிஹாரு ஒரு வாய் உறிஞ்சினாள். நிறுத்தினாள். சகியே மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னொரு வாய். பிறகு அவள் தலை நிமிரவே இல்லை. சர்சர்ரென்று உறிஞ்சும் சத்தம் மட்டும்தான். கடைசியில் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிச் சூப்பையும் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமாம்மா?" என்றாள்.

சகியேவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தன் கிண்ணத்தை மகள் பக்கம் தள்ளினாள்.

பாத்திரம் எடுக்க வந்த கடைப் பெண், "ஹோஷி தாத்தா சாப்பிட வரலையா? ஒரு கிண்ணமாவது பங்கு போட்டுக்குவாருன்னு நெனச்சேன்" என்றாள்.

"அந்தப் பெரியவரா? அவர் வீட்டு ஆளுங்க வரலைன்னு போயிட்டாரே."

"வீட்டு ஆளுங்களா? அவர் ஒண்டிக்கட்டைங்க. தினமும் வருவாரு, ஒரே ஒரு கிண்ணம் சாப்பிடுவாரு. இன்னைக்கு மூணு பாக்கின்னு நான் சொன்னதும், 'எதிர்ல விளக்குகிட்ட ஒரு பிள்ளை ஓடி வரத் துடிக்குது பாரு, அந்த மூணு பேருக்கும் வெச்சுடு'ன்னாரு. உங்களுக்காகன்னு சொல்லிக் குடுத்தா, நீங்க வேண்டாம்னு கும்பிடு போட்டுட்டுப் போயிடுவீங்களாம். நான் உளறிட்டேன்."

சகியே நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா... போன்ல பேசினாரே? நான் கண்ணால பாத்தேனே!"

கடைப் பெண் சிரித்துவிட்டாள்.

"அது அவரோட மூக்குக் கண்ணாடிப் பெட்டியா இருக்கும். ஹோஷி தாத்தாகிட்ட போனே கிடையாதுங்க."