இரண்டு துளைகள்

“உனக்கு அது எந்தப் பக்கத்தைக் காட்டிட்டு நின்னுச்சு, வில்லா?” என்று கேட்டார் வெர்ன் சித்தப்பா.

கொட்டகையில் எல்க் மான் தலைகீழாகத் தொங்கியது. அம்மா தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“அவளுக்கு என்ன தெரியும்? வெடிச்சத்தத்துக்கே கண்ணை மூடியிருப்பா. எனக்கு மூஞ்சிக்கு நேரா வந்து நின்னான் பய. ஒரே வெடி, ஆள் காலி!”

எங்கள் இருவர் வெடியும் சேர்ந்துதான் கேட்டன. எல்க் நின்ற இடத்திலேயே விழுந்தது. நான் ஒளிந்திருந்த புதரை விட்டு ஓடிப் போய்ச் சேர்வதற்குள், அப்பா அதன் வாயைப் பிளந்து, மேல்தாடையில் யானைத் தந்தம்போல வழுவழுப்பாக இருக்கும் இரண்டு பற்களையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

யாருடைய குண்டு உயிரை எடுத்ததோ, பற்கள் அவருக்கு. மொன்டானாவில், எங்கள் மலைப்பக்கம் அதுதான் வழக்கம்.

அவரிடம் ஏற்கெனவே அப்படிப் பல் பதித்த மோதிரம் இருக்கிறது. பெல்ட் கொக்கி இருக்கிறது.

எனக்கு இது முதல் எல்க்.

“பின்பக்கம்,” என்றேன். “கொஞ்சம் சாய்வா.” நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

சித்தப்பா விசிலடித்தார். “என்ன அண்ணே, எதிர்ல நிக்கிறதையா சுட்டே? அது பக்கவாட்டுல திரும்புற வரைக்கும் கை பொறுக்கலையா?”

அம்மா வலது தோளில் இருந்த துளைக்குள் விரலை விட்டாள். எலும்புத் துண்டுகளும் ஈயத் துணுக்குகளும் வந்தன.

“மூட்டுல பட்டுச் சிதறியிருக்கு. நெஞ்சுக்குள்ள போகவே இல்ல.”

இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இன்னொரு துளை. துப்பாக்கி துடைக்கும் கம்பியை அதற்குள் செலுத்தினாள். காலியான நெஞ்சுக்கூட்டைக் குறுக்காகக் கடந்து, வலது தோளின் தோலில் போய் முட்டியது. அங்கே கத்தியால் கீறினாள். காளான் போல விரிந்த என் குண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது.

நான் அப்பாவின் முன்னால் கையை நீட்டினேன். “பல்லைக் குடுங்க.”

அவரிடம் எதையும் நான் அப்படிக் கேட்டதே இல்லை.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் ஒரு முனை என் துளையில் இருந்தது. மறுமுனை அப்பாவின் துளைக்குப் பக்கத்தில்.

“மேல பாறைகிட்ட இருப்பேன்னுதானே இவகிட்ட சொன்ன?” என்று கேட்டாள் அப்பாவிடம்.

“அது ஓடைப்பக்கம் இறங்கிடுச்சு, லோர்னா. விட்டுட முடியுமா? நானும் இறங்கினேன்.”

“இவள அந்தப் புதருக்குள்ள உட்கார வச்சது யாரு?”

அப்பாவின் கை சட்டைப் பையைப் போய்த் தொட்டது. சித்தப்பா தொப்பியைக் கழற்றினார்.

எல்க்குக்கு முன்னால் அவர். பின்னால், அதே நேர்கோட்டில், நான். சுடும்போது அவர் அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. நான் அங்கே இருந்தது அவருக்குத் தெரியும்.

அதுவரை நான் பல்லுக்காகத்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கதவோரம் சாய்த்திருந்த அப்பாவின் துப்பாக்கியை அம்மா எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு என்னுடையதையும் எடுத்தாள். பாதி உரித்த எல்க்கையும் எங்களையும் அப்படியே விட்டுவிட்டு, பனிக்குள் இறங்கிப் போனாள்.