எதிர்ப் பரண்

முதல் அடியைப் பாடிவிட்டுக் கொல்லைக் காவல் பரணில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

எதிர்ச் சரிவிலிருந்து பதில் வரவில்லை. தகர டப்பா தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

சாமை முற்றி அறுப்புக்கு நின்ற சமயம். வெயில் சாய்ந்தால் கிளிகள் கூட்டமாக இறங்கும். எங்கள் மலையில் காவல் என்றால் பாட்டுத்தான். ஒரு பரணில் இருப்பவன் ஓர் அடி பாடுவான். எதிர்ப் பரண்காரன் அடுத்த அடியைக் கட்டிப் பாடுவான். இரண்டு கொல்லையிலும் கிளி அண்டாது, இரண்டு பேருக்கும் பொழுது போய்விடும்.

மீசை முளைத்த நாளிலிருந்து முதல் அடி என்னுடையது. இரண்டாவது அடி எதிர்ப் பரண்காரருடையது.

அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டுதான் முந்தாநாள் வாணியம்பாடிக்குப் போனேன்.

புளி வாங்க வரும் உஸ்மான் பாய் மூட்டிவிட்ட ஆசை அது. மதராஸிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் தன் கடைக்கு வருகிறார், உன் குரலைக் கேட்டால் விடமாட்டார் என்றார். தட்டின் நடுவில் அருணகிரி என்று என் பெயரை அச்சடிப்பார்களாம். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறுகிறவனுக்கு அந்த ஆசை எதற்கு என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது. ஒடுகத்தூர் டீக்கடையில் என் பாட்டு ஓட, நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி டீ குடிப்பதாக நினைத்துக்கொண்டே மலையை இறங்கினேன்.

அவரிடம் சொல்லவில்லை, அந்த எதிர்ப் பரண்காரரிடம். சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் எங்களுக்குள் இல்லை.

பாய் கடை மாடியில் சன்னலைச் சாத்திவிட்டு என்னைப் பாடச் சொன்னார் கம்பெனிக்காரர். முதல் அடியைப் பாடினேன். அன்றைக்கு என் குரல் எனக்கே பிடித்திருந்தது. பாடி முடித்து, காதில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

“இன்னா அருணகிரி, மறந்துட்டியா? மேல பாடு” என்றார் பாய்.

நான் மறக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தேன். தோல் மண்டி வாடை வீசும் தெருவில் ஒரு மாடியில், சாத்திய சன்னல் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு! நினைத்தால் இப்போதும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

கம்பெனிக்காரர் கோபப்படவில்லை. இரண்டாவது அடியையும் நீயே பாடு என்றார். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. எதிர்ப் பரண்காரருடைய அடியை என் வாயால் பாட வரவில்லை.

அப்படியானால் இரண்டாவது அடிக்கு மதராஸில் ஒரு நல்ல பாடகரைப் போட்டுக்கொள்ளலாம், தட்டில் உன் பெயர்தான் வரும் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒடுகத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மலையைப் பார்த்த பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி செல்லியம்மாள் ஒரு சேதி சொன்னாள். நான் போன அன்று சாயங்காலம் எதிர்ப் பரணில் அவரே முதல் அடியைப் பாடிப் பார்த்தாராம். மூன்று தடவை. மறுநாளிலிருந்து அந்தப் பரணில் தகர டப்பாதானாம்.

அதுதான் இன்றும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுபடி பாடினேன்.

“சாமைக் கதிரு சாஞ்சிருக்கு, சாயங்காலக் கிளியே...”

டப்பா நின்றது. வேறொன்றும் இல்லை. என் கொல்லையில் கிளிகள் இறங்கிக் கொறிக்க ஆரம்பித்தன. நான் விரட்டவில்லை. இனி அந்தக் குரல் வராமலே போய்விடுமோ என்று பயமாக இருந்தது. தட்டு போனால் போகட்டும். இது போனால் நான் என்ன செய்வேன்?

வந்தது. அதே கரகரத்த குரல்.

“பட்டணத்துத் தீனி இன்னா ருசி, பறந்து போன கிளியே?”

இரண்டு கொல்லையிலிருந்தும் கிளிகள் குபீரென்று எழும்பின. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அப்பாடா என்று பரண் கம்பில் சாய்ந்துகொண்டேன்.

கீழே வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த செல்லியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க அண்ணன் கேக்கறாரு இல்ல? பதில் சொல்லுங்க.”

அப்பா வைத்துவிட்டுப் போன ஒரே ஒரு புளியமரத்தைப் பங்கு போட முடியாமல், ஒன்பது வருஷமாக நானும் அவரும் பேசிக்கொள்வதில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றேன்.