பிரசவம் பார்த்தவர்

"தாயைப் பார்க்காம குட்டியை வாங்கவே கூடாது மேடம். எங்கிட்ட வர்ற எல்லார்கிட்டயும் நான் சொல்ற முதல் வார்த்தையே அதுதான்" என்றான் மெர்வின், நெஞ்சில் கை வைத்து.

சொல்வதோடு நிறுத்துகிற ஆளில்லை அவன். கார்டிஃப் புறநகரில் இரண்டே நாள் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்னறையில், கணப்புக்குப் பக்கத்தில், ஒரு தாயைப் படுக்கவே வைத்திருந்தான். பொன்னிற ஸ்பானியல் நாய், இடது காது நுனி கொஞ்சம் கிழிந்திருந்தது. அவனுடைய மைத்துனி மென்னா வளர்க்கும் செல்லம் அது. வாக்கிங் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக் கொண்டுவந்திருந்தான். சுற்றிலும் நெளிந்த நான்கு குட்டிகளோ மேற்கே ஏதோ ஒரு கொட்டகையில், வெளிச்சமே படாத கூண்டில், வேறு யாருக்கோ பிறந்து நேற்று வேனில் வந்து இறங்கியவை. குட்டியைத் தாயோடு வைத்துத்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். மெர்வின் சட்டத்தை மதிப்பவன். தாய் என்று ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதானே.

ஒரே கவலை, நான்கில் ஒன்றுக்குக் காலையிலிருந்து வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் படுத்துக்கொள்வதற்குள், இன்றைக்கே எல்லாம் கைமாறியாக வேண்டும். அதை மட்டும் திரைச்சீலை ஓரமாகக் காலால் ஒதுக்கி வைத்திருந்தான்.

குட்டி வாங்க வந்திருந்த எய்ர்லிஸ் பவலுக்கு அறுபது வயது. மழைக்கோட்டு, பெரிய கைப்பை, பார்த்தாலே ஏமாறப் பிறந்தவர் என்று சொல்லும் முகம். மெர்வின் தானே டீ போட்டுக் கொடுத்தான்.

"க்வீனி, இங்க பாரு, யார் வந்திருக்காங்கன்னு" என்று கொஞ்சினான். அவன் அச்சடித்து வைத்திருந்த வம்சாவளிச் சான்றிதழில் தாயின் பெயர் க்வீனி. நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளை பெற்ற களைப்பு என்று சமாளித்தான்.

அந்தக் களைப்பாளி அடுத்த நிமிஷமே எழுந்து வந்து, எய்ர்லிஸின் காலணி மேல் தலையை வைத்துக்கொண்டது. வால் தரையைத் தட்டிய தட்டில் டீக் கோப்பை ஆடியது.

"பார்த்தீங்களா! இவ யார்கிட்டயும் இப்படிப் போகவே மாட்டா. உங்களைச் சம்பந்தியா ஏத்துக்கிட்டா" என்றான் மெர்வின். வியாபாரம் பாதி முடிந்த மாதிரிதான்.

எய்ர்லிஸ் அதன் கிழிந்த காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தார். முதலில் நாய்கள் காப்பகம் ஒன்றுக்குப் போகலாமா என்று நினைத்ததாகச் சொன்னார்.

மெர்வினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அங்கயா? வீட்டுக்கே வந்து வேலி எத்தனை அடின்னு அளப்பாங்க மேடம். வேலைக்கு எப்பப் போவீங்க, எப்ப வருவீங்க, நாய் எங்க தூங்கும்... பொண்ணு கொடுக்கிறவன்கூட இவ்வளவு கேட்க மாட்டான். நான் எதுவுமே கேட்கறதில்லை."

"அதை நானும் கவனிச்சேன்" என்றார் எய்ர்லிஸ்.

ஒரு குட்டி பால் தேடித் தாயின் வயிற்றை முட்டியது. தாய் திடுக்கிட்டு எழுந்து எய்ர்லிஸின் நாற்காலிக்குப் பின்னால் போய் ஒளிந்தது. இப்போதுதான் வயிறு முட்டக் குடித்தார்கள், தாய் ஒழுங்கு கற்றுத்தருகிறாள் என்று மெர்வின் விளக்கம் சொன்னான்.

"பிரசவம் ரொம்ப சிரமமா இருந்துச்சோ?"

இப்படிக் கேட்பவர்களுக்காகவே காத்திருப்பவன் அவன். "மூணு மணி நேரம் மேடம். முதல் குட்டி தலை மாறி வந்துருச்சு. டாக்டருக்கு எங்க போறது? இந்தக் கையாலதான் இழுத்தேன். அப்ப இவ என்னைப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை..." அவன் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த வீட்டில் வாடகைக்கு எடுக்காதது அந்தக் கண்ணீர் ஒன்றுதான்.

எய்ர்லிஸ் எழுந்து போய்த் திரைச்சீலை ஓரத்துக் குட்டியைத் தூக்கினார். விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. அவர் முகம் ஒரு கணம் கல்லானது. பிறகு கழுத்துத் துணியை அவிழ்த்து அதைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நாலையும் எடுத்துக்கறேன்."

மெர்வினுக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்கு, எதற்கு, எங்கே வைத்து வளர்ப்பார் என்று அவன் கேட்கவில்லை. கேட்பதில்லை என்று இப்போதுதானே பெருமையாகச் சொன்னான்.

எய்ர்லிஸ் குட்டியோடு நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தன் தங்கை சந்தேகப் பிராணி என்றும், நான்கும் இந்த வீட்டில் இந்தத் தாய்க்கே பிறந்தவை என்று எழுதிக் கொடுத்தால் நிம்மதியாக இருக்கும் என்றும் சொன்னார். தாயின் அடையாளமாக இடது காது கிழிசலையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஒரு தாளில் என்ன இருக்கிறது? மெர்வின் தேதி போட்டு, சுழித்துக் கையெழுத்தும் போட்டான்.

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். நாயைப் பார்த்து மெல்ல, "செரென்" என்றார். அது ஒரே தாவலில் அவர் மடிக்கு வந்துவிட்டது.

"போன வருஷம் உங்க மைத்துனிக்கு இவளைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, எங்க காப்பகத்துல இவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தோம். மயக்கம் தெளியற வரைக்கும் இவ தலை என் மடியிலதான் இருந்துச்சு" என்றார் எய்ர்லிஸ். "உங்க விளம்பரப் படத்துல இந்தக் காதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கமே வரலை. அது கிடக்கட்டும், கெட்டில்ல இன்னும் தண்ணி இருக்கா? வாசல்ல கவுன்சில் அதிகாரிங்க ரெண்டு பேர் ரொம்ப நேரமா குளிர்ல நிக்கறாங்க."