வாய் சிவந்தால் சம்மதம்

வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து கூடத்து நடுவில் வைத்ததும் நஞ்சுண்டசாமியின் கண் சுண்ணாம்பு டப்பியில் போய் நின்றது.

சோற்றுக்கு ஒரு சாக்குச் சொல்லித் தப்பித்தாயிற்று. மாதேஸ்வரன் மலைக்கு வேண்டுதல், பாலைத் தவிர எதையும் தொடுவதில்லை என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். வெற்றிலைக்கு எந்தச் சாமியைச் சாக்குச் சொல்வது?

அவர்கள் ஜனத்து வழக்கம் அப்படி. பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையைப் பெற்றவரும் ஆளுக்கொரு வெற்றிலை மடித்து, மாற்றிக்கொண்டு, சபை பார்க்க மென்று, நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். நாக்கு சிவந்தால் சம்மதம். மெல்லாமல் ஒதுக்கினால் மனசில்லை என்று அர்த்தம், எழுந்து போய்விடுவார்கள்.

சொந்த ஊர் ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்து புளி மண்டி வைத்தாயிற்று. மகாராஜா புண்ணியத்தில் வீட்டுக்கு மின்சார விளக்கும் வந்தாயிற்று. இந்த நாக்கு நீட்டுகிற கூத்தை மட்டும் யாரும் விட்டபாடில்லை.

நஞ்சுண்டசாமிக்குக் கன்னத்துக்குள் புற்று. மதராஸ் ஆஸ்பத்திரியில் ரேடியம் வைத்தார்கள். புற்று போயிற்று என்றார் டாக்டர். கூடவே வாய்த்தோலும் போயிற்று.

நாக்கு, ஈறு, கன்னம் எல்லாம் ஒரே ரணம். தண்ணீர் பட்டால் எரியும். உப்புப் பட்டால் உயிர் போய் உயிர் வரும். மெல்ல ஆறும், வெண்ணெய் தடவுங்கள், சுண்ணாம்பை மட்டும் வாய்ப்பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்று நர்சம்மா சொல்லி அனுப்பினாள்.

ஊருக்கு, மதராஸில் புளி வியாபாரம் என்று சொல்லியிருந்தது. பின்னே? புற்று வந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? வம்சத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பார்கள். மகள் சித்தம்மாவுக்கு முந்தி வந்த வரன்களெல்லாம் ஏதேதோ சொல்லி நழுவியாயிற்று. இந்தப் பையனைத்தான் அவளுக்கும் பிடித்திருந்தது.

பையனின் அப்பா கருப்புசாமி கொள்ளேகாலத்துக்காரர். மனைவி திருப்பதிக்குப் போன இடத்தில் வாந்திபேதியில் போய்விட்டாளாம். ஆள் நல்ல மாதிரிதான், சாப்பாட்டுச் சபலம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

பந்தியில் களிக்கு வெண்ணெய் கேட்டார். நஞ்சுண்டசாமியின் மனைவி மாதம்மா தாராளமாகவே வைத்தாள். மறுபடி கேட்டார். வைத்தாள். அதை வாழையிலைக் கிழிசலில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார், மகா கெட்டிக்காரர். போதாததற்கு, தலையை ஒருபக்கம் சாய்த்து மடக்கு மடக்காகப் பாலை இறக்கிக்கொண்டிருந்த நஞ்சுண்டசாமியின் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதிலும் பங்கு கேட்பாரோ என்று இவருக்குப் பயமாகிவிட்டது.

"ஏனுங்க, அவங்க ஊர்ல மாடே இல்லீங்களா?" என்று மாதம்மா கணவன் காதில் முணுமுணுத்தாள்.

இப்போது வெற்றிலை.

நஞ்சுண்டசாமி முதலில் மடித்தார். யோசனை எங்கோ இருந்ததில் சுண்ணாம்பு எவ்வளவு விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

கருப்புசாமி சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார். வெற்றிலை மடிக்கிறாரா, பந்தல் போடுகிறாரா என்று யாரோ கேலி செய்தார்கள்.

மடித்ததை நீட்டினார். ஓரத்தில் வெள்ளையாக, தாராளமாகப் பிதுங்கி நின்றது.

நஞ்சுண்டசாமி கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

நெருப்பைக் காணோம்.

பாக்கையும் காணோம். நரம்பு கிள்ளி நசுக்கிய தளிர் வெற்றிலை. அதற்குள்ளிருந்து என்னவோ குளுகுளுவென்று வழிந்து, நாக்கில், ஈறில், கன்னத்தில் பரவிற்று. மாதம்மா வீட்டில் கடைந்த வெண்ணெய் அவருக்குத் தெரியாதா? அப்பாடா என்றிருந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

அடுத்த பயம் அப்புறம்தான் வந்தது. சுண்ணாம்பு இல்லாமல் வெற்றிலை எங்கே சிவக்கப்போகிறது?

"நாக்கைக் காட்டுங்க" என்றது சபை.

நீட்டினார்.

"அடேங்கப்பா!" என்று கருப்புசாமிதான் முதலில் கத்தினார். "என்னமாச் செவந்திருக்குது பாருங்க!"

பெரியவர்கள் குனிந்து பார்த்தார்கள். அப்படி ஒரு சிவப்பை யாரும் பார்த்ததில்லை. பெண்ணைக் கொடுக்க எத்தனை மனசிருந்தால் இப்படிச் சிவக்கும் என்று ஒரு கிழவர் உருகினார். சித்தம்மா சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

கருப்புசாமியும் நாக்கை நீட்டினார். கண்ணில் தாரை தாரையாக நீர். சுண்ணாம்பு கொஞ்சம் பலமாகத்தான் விழுந்திருந்தது. மனுஷர் அதையும் மென்று விழுங்கிவிட்டார்.

வாய் கொப்புளிக்கக் கிணற்றடிக்குப் போனபோது, இடுப்பிலிருந்த இலைப் பொட்டணத்தை எடுத்து நஞ்சுண்டசாமியின் கையில் வைத்து அழுத்தினார்.

"கரையக் கரையத் தடவோணுமுங்க, சம்பந்தி. எங்கூட்டுக்காரியும் இப்பிடித்தான் தலையச் சாய்ச்சுப் பால் குடிப்பா. அவளுக்கு நான்தான் தடவி உட்டேன். அந்த மதராஸ் ஆஸ்பத்திரி வராண்டாவுலயே."

நஞ்சுண்டசாமி பொட்டணத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மதராஸில் புளி என்ன விலைக்குப் போயிற்று என்று அவர் கேட்கவில்லை. திருப்பதியில் தரிசனம் எப்படி என்று இவரும் கேட்கவில்லை.