மந்தை பார்த்த பக்கம்

ஒரேகனில் எங்கள் பண்ணையில் கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்கா ஒன்று செத்தால் உடனே புதைக்கமாட்டோம். அது சாகப் போவது தெரிந்ததுமே மற்றவை அதைப் பார்த்தபடி சுற்றி நின்று முனகத் தொடங்கும்; செத்த பிறகும் விலகா. அவையாக மேயப் போன பிறகுதான் என் கணவர் வெர்னன் குழி தோண்டுவார். அவசரப்பட்டுப் புதைத்தால் மந்தை நாள்கணக்கில் தேடி அலையும்.

அன்று காலை இருபத்து மூன்றும் வேலியோரம் நின்று முனகிக்கொண்டிருந்தன. சாகக் கிடந்தது எதுவும் இல்லை. எல்லாமே முற்றத்தில் நின்ற கேரவனைப் பார்த்தன. ஓரிரவு தங்க வந்த வயதான தம்பதி அதற்குள் இருந்தார்கள்.  போய்க் கதவைத் தட்டினேன்.

இருவரும் நன்றாகவே இருந்தார்கள்.

"என்னம்மா, இருக்கோமா போயிட்டோமான்னு பாக்க வந்தியா?" என்று அந்த அம்மாள் சிரித்தார். இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கேரவன் போன பின்பும் மந்தை அசையவில்லை. கேரவன் நின்ற இடத்துக்கு நேர் பின்னால் எங்கள் சமையலறை ஜன்னல் இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெர்னன் தீவன வாளியோடு வந்தார். அவர் நடக்க நடக்க இருபத்து மூன்று தலைகளும் கூடவே திரும்பின. தொட்டியில் தீவனத்தைக் கொட்டினார். ஒன்றுகூடக் குனியவில்லை.

"என்னடா இது, காலங்காத்தால எல்லாம் என்னையே மொறைக்குதுங்க," என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீயும் ஏன் அப்படிப் பாக்குற?"